அம்மாவுக்கு 30-க்கு 16: இது மறதி நோயா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாயாருக்கு 74 வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போனவர். சர்க்கரை நோய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரவில் அரிப்புக்குச் சிறிய மஞ்சள் மாத்திரை ஒன்றும் உண்டு. பத்து மாதங்களுக்கு முன் கணவர் காலமானார். அதற்குப் பின் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். இரண்டு முறை சோறு அடுப்பில் இருப்பதை மறந்து, பானை அடி தீய்ந்துவிட்டது. ஆனி மாதக் கடைசியில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து ஐந்து நாள் வார்டில் இருந்தார். அங்கே ஓர் இரவு, இறந்த கணவர் கட்டிலருகே நிற்பதாகச் சொல்லி அழுதிருக்கிறார்.

வீடு திரும்பிய பதினாறாம் நாள், தனியார் கிளினிக் ஒன்றில் ‘ஞாபகச் சோதனை’ நடந்தது. முகக்கவசம் அணிந்த இளம் உதவியாளர் மலாயில் கேள்வி கேட்டார். மகள் உடன் இருந்தார்; பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிவு வந்தது: 30-க்கு 16. ‘அம்மாவுக்கு ஞாஞோக் (முதுமையில் புத்தி தடுமாறுவதற்கு மலாயில் சொல்லும் சொல்) வந்துவிட்டது’ என்று அவர் எதிரிலேயே சொன்னார்களாம். அன்றிலிருந்து அம்மா சமையலறைப் பக்கம் போவதில்லை. சில வாரம் கழித்து அண்ணி தம் கைப்பேசியில் வேறொரு சோதனை வைத்தார்; அதில் 11. மகள் இணையத்தில் தேடியபோது, 10 முதல் 20 வரை ‘நடுத்தரக் கட்டம்’ என்று போட்டிருந்தது. இப்போது அவர் தினமும் மாலையில் தேதி, ஆண்டு, கழித்தல் கணக்கு என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி தருகிறார். வீட்டுப் பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்தை உடனே வாங்க வேண்டும் என்று அண்ணன் நிற்கிறார். மருத்துவத் தாள் வந்துவிட்டதால் இனி அந்தக் கையெழுத்தே செல்லாது என்று அக்கா சண்டை போடுகிறார். கடிதத்தின் கடைசி வரி இது: ‘இன்னும் எத்தனை நாளைக்கு அம்மாவுக்கு என் பெயர் தெரியும், டாக்டர்?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இருக்கிறதா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் நடந்தது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. ‘இவரை உட்காரவைத்து நிதானமாகப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா’ என்று முடிவு செய்ய உதவும் முதல் தட்டல் அது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் அவர் காதில் விழும்படி. ஒரு மருத்துவராக எனக்கு அது வலிக்கிறது. எண்ணைவிட அந்த ஒரு சொல்தான் உங்கள் வீட்டில் அதிகக் கேடு செய்திருக்கிறது.

ஆனால், ‘கிளினிக்காரர்கள் தவறாகச் செய்துவிட்டார்கள், அம்மாவுக்கு ஒன்றுமில்லை’ என்று நான் சொல்வேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தீய்ந்த பானை இரண்டும் உண்மை. திரும்பத் திரும்ப வரும் கேள்வியும் உண்மை.

அந்த 14 மதிப்பெண் எங்கே போனது?

நீங்கள் மதிப்பெண் தாளைப் படமெடுத்து அனுப்பியது மிகவும் நல்லது. பலர் கூட்டுத்தொகையை மட்டும்தான் எழுதுகிறார்கள். எனக்கோ கூட்டுத்தொகையைவிட அது எப்படி வந்தது என்பதுதான் வேண்டும்.

இந்தச் சோதனையின் பெயர் எம்.எம்.எஸ்.இ. 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகிய மூவர் உருவாக்கியது. நாள், இடம் பற்றி 10 மதிப்பெண், மூன்று சொற்களைக் கேட்டுச் சொல்ல 3, கணக்குக்கு 5, அதே மூன்று சொற்களைச் சற்றுப் பொறுத்து நினைவுகூர 3, பெயர் சொல்லுதல், வாசித்தல், எழுதுதல், சொன்னபடி செய்தல் முதலியவற்றுக்கு 8, ஒரு படத்தைப் பார்த்து வரைய 1. எழுதப் படிக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்து அமைத்த தாள் என்பது இதைப் பார்த்தாலே விளங்கும். ‘இப்போது என்ன பருவம்?’ என்றுகூட மூலத்தில் ஒரு கேள்வி உண்டு. மழையும் வெயிலும் ஒரே நாளில் மாறி மாறி வரும் பினாங்கில் அதற்கு என்ன விடை சொல்வது? இங்கே அதை மாற்றிக் கேட்பார்கள்.

உங்கள் அம்மா கணக்கில் ஐந்தையும் இழந்திருக்கிறார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் வகுப்பில் நின்றவருக்கு, அதுவும் மலாயில் கேட்டால், இது ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்வியாக இருக்காது. பள்ளிக்கூடம் எவ்வளவு போனார் என்பதைத்தான் சோதிக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அந்தக் காலத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் தம் கணக்கில் ஒரு ராத்தல் குறைந்தாலும் கணக்கெழுதும் கிராணியை நிறுத்திக் கேட்பவராம். அந்தத் திறமைக்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது. வாசிப்பு, எழுத்து, வரைதல் மூன்றிலும் போன மூன்று மதிப்பெண்ணும் இதே கணக்கில்தான் சேரும். ஆக, இழந்த 14-இல் 8 மதிப்பெண் பள்ளிப் படிப்போடு நேராகத் தொடர்புடையவை.

அடுத்தது மாதமும் தேதியும். மாதம் கேட்டபோது ‘ஆடி’ என்றும், தேதி கேட்டபோது ‘அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்’ என்றும் சொன்னார் என்கிறீர்கள். உதவியாளர் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறார். நான் பஞ்சாங்கத்தை எடுத்து நீங்கள் தந்த நாளைப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஒரு மனிதர் காலத்தோடு ஒட்டி வாழ்கிறாரா என்பதுதான் அந்தக் கேள்வியின் நோக்கம் என்றால், அவர் நன்றாகவே ஒட்டி வாழ்கிறார். வேறொரு நாட்காட்டியில் வாழ்கிறார், அவ்வளவே. எந்த மாடி என்று தெரியாமல் போனதையும் நான் பெரிதாக எடுக்கமாட்டேன். மின்தூக்கியில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பொத்தானையா பார்ப்பார்?

மிச்சம் மூன்று. ஆண்டு தெரியவில்லை, மூன்று சொற்களில் இரண்டை நினைவுகூர முடியவில்லை. என் பேனா அங்கேதான் நிற்கிறது. புதிதாகக் கேட்டதைச் சில நிமிடம் மனத்தில் வைத்திருப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமரில் முதலில் தளர்வது பெரும்பாலும் இந்தத் திறன்தான். அதே நேரம், இங்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. அந்தச் சொற்கள் மலாயில், முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து வந்தன. வீட்டில் தொலைக்காட்சியை உரக்க வைத்துத்தான் பார்க்கிறார் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் எழுத வேண்டிய செய்தி அன்று. காதில் சரியாக விழாத சொல்லை எந்த மூளையும் நினைவில் வைக்காது.

சோதனை நடந்த நாள்

என்னைக் கேட்டிருந்தால், அன்று அந்தச் சோதனையே வேண்டாம் என்றிருப்பேன்.

வார்டில் அவர் இறந்த கணவரைக் கண்டது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயதானவர்களுக்குத் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, இடமாற்றம் எல்லாம் சேரும்போது இப்படி வரும். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று பயப்படும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் இறங்கியதும் குழப்பம் அன்றே இறங்கிவிடாது. சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிழல்போலத் தொடரும். பதினாறாம் நாளில் வைத்த சோதனையில் எவ்வளவு பங்கு அந்த நிழலுடையது, எவ்வளவு அம்மாவுடையது என்று பிரிக்க முடியாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இப்படிக் குழப்பம் வந்த முதியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் இவரைத் தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறேன்.

மூன்று செய்திகளை நீங்கள் தொடர்பில்லாதவைபோல் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத் தெரிகின்றன. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுவோரில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அது குறைந்தால் ஞாபகமும் நிதானமும் தடுமாறும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் அரிப்புக்குப் போடும் அந்த மஞ்சள் மாத்திரை, நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால், குளோர்பெனிரமின். நம் ஊரில் வீடுதோறும் இருக்கும் மருந்து, தீங்கற்றது என்ற நம்பிக்கையோடு. முதியவர்களின் மூளையை அது மந்தமாக்கும். மருத்துவரிடம் சொல்லி, அரிப்புக்கு வேறு வழி கேளுங்கள்.

மூன்றாவது, துக்கம். ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் போய்ப் பத்து மாதம்தான் ஆகிறது. மனச்சோர்வில் இருப்பவர் சோதனையில் எப்படி நடந்துகொள்வார் தெரியுமா? முயன்று தவறாகச் சொல்வதைவிட, ‘தெரியாது, விடுங்க’ என்று சீக்கிரமே முடித்துக்கொள்வார். ஆண்டு கேட்டபோது அவர் யோசித்துத் தப்பாகச் சொன்னாரா, அல்லது ‘தெரியாது’ என்று தலையை ஆட்டிவிட்டாரா? நீங்கள் எழுதவில்லை. தூக்கம், பசி, அழுகை, ‘நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்ற பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அது தெளிந்த பின் மதிப்பெண் ஏறிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். துக்கமும் மறதி நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

16-க்கும் 11-க்கும் நடுவே

ஒரே மாதத்தில் ஐந்து மதிப்பெண் சரிந்துவிட்டது என்று கலங்கியிருக்கிறீர்கள். சரியவில்லை. அண்ணி கைப்பேசியில் வைத்தது ‘மோக்கா’ என்ற வேறொரு சோதனை. 2005-இல் கனடாவின் மாண்ட்ரியாலிலிருந்து வெளிவந்தது. இரண்டும் 30-க்குத்தான் என்பதால் ஒன்றென்று தோன்றுகிறது. இரண்டும் நிறுவை என்பதற்காகக் காத்தியும் ராத்தலும் ஒன்றாகுமா? மோக்கா இன்னும் கடினமான தாள். எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்க வேண்டும். படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளும் வழக்கம் அதில் இருந்தாலும், மூன்றாம் வகுப்புக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? பயிற்சி பெற்றவர்களே இதை நடத்த வேண்டும் என்று உருவாக்கியவர்கள் சொல்வதும் காரணத்தோடுதான். அண்ணி அக்கறையில்தான் செய்தார். அந்த 11-ஐ மறந்துவிடுங்கள்.

ஒரே சோதனையை ஒரே ஆளுக்கு இரண்டு நாளில் வைத்தாலும், இரண்டு மூன்று மதிப்பெண் ஏறியிறங்குவது இயல்பு. தூக்கம், பசி, கேட்பவரின் குரல், அறையின் சத்தம் எல்லாம் அதில் கலக்கும். அடுத்த முறை 18 வந்தால் குணம் என்றோ, 14 வந்தால் முற்றிவிட்டது என்றோ முடிவுக்கு வராதீர்கள்.

இணையத்தில் படித்த ‘10 முதல் 20 வரை நடுத்தரக் கட்டம்’ என்பதும் பொய்யில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்குரியதும் இல்லை. முழுப் பரிசோதனை செய்து, நோய் உறுதியான பிறகு, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தோராயமாகச் சொல்ல வைத்த படிக்கட்டு அது. வீடு எதுவென்று தெரியாமலே எத்தனையாவது மாடி என்று கேட்பது போலாகும்.

எண் கணக்கையும் ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 2018-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று கணித்தது. அதுவும் ஒரு குறுஞ்சோதனையை வைத்துப் போட்ட கணக்கே. அப்படியானால் 1,000 முதியவர்களில் 85 பேர். ஒரு சோதனை, நோயுள்ள நூறு பேரில் 85 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 15 பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனைதான். அந்த 85 பேரில் சுமார் 72 பேரைப் பிடிக்கும். மீதி 915 பேரில் 137 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘குறைவு’ என்று தாள் பெற்ற 209 பேரில் உண்மையில் நோயுள்ளவர் மூன்றில் ஒருவர்தான். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களிடையே இந்தத் தவறான பிடிப்பு இன்னும் கூடும். நம் தோட்டத்து அம்மாக்கள் எத்தனை பேர் இந்த 137-இல் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இந்தக் கணக்கை அப்படியே உங்கள் அம்மாவுக்குப் போடவும் கூடாது. தெருவில் போகிற ஆயிரம் பேரில் ஒருவராக அவர் பிடிபடவில்லை. வீட்டில் மாற்றத்தைப் பார்த்த பிறகே அழைத்துப் போனீர்கள். அப்படி வருபவர்களிடம் நோய் இருக்கும் வாய்ப்பு, சும்மா வருபவர்களைவிட அதிகம். எனவே ‘மூன்றில் இரண்டு பங்கு தப்பித்துவிட்டோம்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தபோது இதே எம்.எம்.எஸ்.இ.-யில் 28 வாங்கினார். ஏழு ஏழாகக் கழிப்பதைச் சிரித்துக்கொண்டே முடித்தார். ஆனால் அவருடைய மனைவி விடவில்லை. ‘நாற்பது வருஷமாக வீட்டு வரவுசெலவை இவர்தான் பார்த்தார்; இப்போது மின்சாரக் கட்டணத்தை ஒரே மாதத்தில் மூன்று முறை கட்டிவிட்டு வருகிறார்’ என்றார். மனைவி சொன்னதுதான் கடைசியில் சரியானது. வாழ்நாள் முழுவதும் படித்த பழக்கம், அந்த எளிய தாளில் நோயை மறைத்துவிட்டது. உங்கள் அம்மாவின் 16-ஐயும் அவருடைய 28-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் அதிகம் மாறியிருக்கிறார் என்று அந்த எண்கள் சொல்லுமா?

எனக்கு வேண்டியது உங்கள் நோட்டுப்புத்தகம்

மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அம்மா முன்பு எப்படி இருந்தார், இப்போது எதில் மாறியிருக்கிறார்?’ என்பதே. இதற்கென்றே குடும்பத்தாரிடம் கேட்கும் வினாத்தாள்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு 16 கேள்விகள் கேட்கும். அதில் நோயாளியின் பள்ளிப் படிப்பு அவ்வளவாகக் குறுக்கே வராது; அவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம். பதில் சொல்பவர் சோர்ந்தோ கோபத்திலோ இருந்தால் அதுவும் கோணும். அதனால் முடிந்தால் அக்காவும் நீங்களும் தனித்தனியாக எழுதுங்கள்.

மாற்றங்களை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வாருங்கள். பெரிய பெரிய விஷயமாக எழுத வேண்டாம். மீன் குழம்புக்குப் புளியும் உப்பும் முன்போல் போடுகிறாரா. செய்முறையின் வரிசை மாறுகிறதா. பாசாரில் பத்து வெள்ளி கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணி வாங்குகிறாரா. ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் மாரியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தவர், கடைசியாக எப்போது அப்படிப் போனார். ஏன் நிறுத்தினார்: வழி தெரியாமலா, கால்வலியா, மனம் இல்லாமலா? மாத்திரைகளைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா? இவை முன்பே மெல்ல மெல்லத் தொடங்கினவா, அப்பா போன பிறகா, காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்றா? இந்தக் கடைசிக் கேள்வியின் விடை பாதி நோயைச் சொல்லிவிடும். மறதி இருந்தும் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிறதென்றால் அதற்கு வேறு பெயர், வேறு போக்கு. பிறர் துணையில்லாமல் முடியாது என்ற நிலை வரும்போதுதான் மறதி நோய் என்கிறோம்.

மாலைப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள், தயவு செய்து. அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் விடையை மனப்பாடம் செய்தவரின் மதிப்பெண் எங்களுக்கு எதையும் சொல்லாது. உண்மையில் நோய் இருந்தால் அதை மறைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடும். அதைவிட முக்கியம், தினமும் மாலையில் மகள் எதிரே தேர்வெழுதி அம்மா தோற்கிறார். இந்தப் பத்தியில் கேள்விகளை முழுமையாக நான் எழுதாததும் இதற்காகத்தான்.

அடுத்து எங்கே போவது

மறுசோதனைக்கு முன், தொற்று குணமாகி மூன்று மாதமாவது ஆகட்டும். அதற்குள் உங்கள் பகுதி அரசாங்க கிளினிக்கில் பதிந்து, நோட்டுப்புத்தகத்தைக் காட்டுங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், உப்புச்சத்து, ரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காதில் மெழுகு அடைத்திருந்தாலும் சொற்கள் சரியாக விழாது. பிறகு முதியோர் மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கே தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுப்பார்கள். நிலைமை திடீரென மோசமானால், மறுபடி காய்ச்சலோ குழப்பமோ வந்தால், மூன்று மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மறுசோதனையைத் தமிழில் நடத்தும்படி கேட்கலாம். அது சலுகை கேட்பது ஆகாது. அரசாங்க கிளினிக்குகளில் சிங்கப்பூரில் உருவான பத்துக் கேள்விச் சோதனை ஒன்றையும் பயன்படுத்துவார்கள். நம் பக்கத்து முதியவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சிட்னியில் 2004-இல், பல மொழி பேசும் குடியேறிகளுக்கென்றே ‘ரூடாஸ்’ என்ற சோதனையை உருவாக்கினார்கள். கடையில் வாங்க வேண்டிய சாமான்களை நினைவில் வைப்பது, சாலையை எப்படிக் கடப்பது என்று சொல்வது போன்றவை அதில் வரும், மொழிபெயர்த்தாலும் உருக்குலையாது. மோக்காவுக்கும் படிப்புக் குறைந்தவர்களுக்கான தனி வடிவம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளராக நீங்கள் உட்கார வேண்டாம். மகளுக்குக் கை கொடுக்காமல் இருக்க மனம் வராது. தமிழ் தெரிந்த தாதி இருந்தால் போதும். கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அண்ணன் கேட்கும் கையெழுத்து

நான் வழக்கறிஞன் இல்லை. மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். அண்ணனும் அக்காவும் எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் செய்வது ஒரே தவறு: அந்த 16-ஐச் சட்டமாக்குகிறார்கள். ஒருவர் முடிவெடுக்கத் தகுதியுள்ளவரா என்பதை எந்தக் குறுஞ்சோதனையின் எண்ணும் தீர்மானிப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட பத்திரம் என்ன, அதில் கையெழுத்திட்டால் என்ன ஆகும், இடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் புரிந்துகொண்டு, எடைபோட்டு, தம் விருப்பத்தைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மாடி எண் தெரியாதவருக்கு, தம் வீடு யாருக்குப் போக வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கலாம்.

இந்த நிலையில் அவசரக் கையெழுத்து வாங்குவது அண்ணனுக்கே ஆபத்து. பின்னாளில் யாராவது வழக்குப் போட்டால், அதே கிளினிக் தாளை முதல் சான்றாகக் காட்டுவார்கள். அப்படியே தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. அண்ணன் சாதாரண பவர் பத்திரத்தை நம்பியிருந்தால், எழுதிக்கொடுத்தவர் தகுதி இழந்த பிறகு அது பொதுவாகச் செல்லுபடியாகாது. சிங்கப்பூரில் உள்ளதுபோல, தகுதி இழந்த பின்னும் நீடிக்கும் பவர் நம் சட்டத்தில் இன்னும் இல்லை. பிறகு 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். செலவும் காலமும் ஆகும். எனவே சிகிச்சை பெற்று, குழப்பம் தெளிந்த பிறகு, முதியோர் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அந்த முடிவுக்கென்றே தகுதி மதிப்பீடு செய்து எழுதி வாங்குங்கள். பிறகு, பிள்ளைகள் யாரும் அறையில் இல்லாமல், அம்மா தமக்கென ஒரு வழக்கறிஞரிடம் தமிழில் பேசட்டும். அம்மாவின் விருப்பம் என்ன என்று நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, சகோதரி. யாராவது அவரைக் கேட்டீர்களா?

அதுவரை வீட்டில்

‘ஞாஞோக்’ என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் நேராக உட்கார்ந்து பேசுங்கள்: ‘காய்ச்சல் வந்த உடம்போடு, தெரியாத பாஷையில் கேள்வி கேட்டார்கள், அது சரியான பரிசோதனை இல்லையாம். உடம்பு தேறியதும் தமிழிலேயே பார்ப்பார்களாம். அதற்கு முன் ரத்தமும் காதும் பார்க்கச் சொன்னார் டாக்டர்.’ ஒன்றுமே இல்லை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நாளை வேறு முடிவு வந்தால், அவர் உங்களை நம்ப வேண்டும்.

பானை தீய்ந்தது என்பதற்காகச் சமையலறையை அவரிடமிருந்து பறித்துவிட வேண்டாம். அவரே விலகிக்கொண்டதையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்த பெட்டியில் வையுங்கள். அடுப்பில் ஏதாவது இருக்கும்போது யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள். வருகிற ஞாயிறு மீன் வாங்கி வந்து, ‘குழம்பு எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது, நீங்க வாங்கம்மா’ என்று கூப்பிடுங்கள். புளியை அவர் கரைக்கட்டும், உப்பை அவர் போடட்டும். அடுப்பை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எதைச் சரியாகச் செய்தார், எங்கே தடுமாறினார் என்று இரவில் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்து, கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துப் போங்கள்.